விழவில்லை

முதலில் கால்.
பொகவந்தலாவ பஸ்ஸின் கடைசிப் படியில்
இறங்கினேன், அவ்வளவுதான்.
தடுக்கவில்லை, வழுக்கவில்லை.
காய்ந்த ஈர்க்கு முறிகிற சத்தம்
செருப்புக்குள்ளிருந்து வந்தது.
குடையை விரித்துக்கொண்டு
தபால் கந்தோர் வரைக்கும் நடந்தேவிட்டேன்.

பிறகு விலா. தும்மினேன்.

மூன்றாவது வலது மணிக்கட்டு.
பதிவுத் தபாலொன்றில் திகதி முத்திரையை
வழக்கம்போலத்தான் குத்தினேன்.
முத்திரை ஒரு சத்தம், நான் ஒரு சத்தம்.
உறையில் திகதி தெளிவாக விழுந்திருந்தது.
யாருக்கோ நீதிமன்றக் கடிதம்,
போய்ச் சேர்ந்திருக்கும்.

மூட்டுவலியோடு ஏழு வருடப் பழக்கம் எனக்கு.
விடியலில் விரல்கள்
ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மீன் மாதிரிக் கிடக்கும்.
சுடுதண்ணீர்க் கோப்பையைச் சுற்றிப் பிடித்து
ஒவ்வொன்றாய் எழுப்புவேன்.
அந்த வலிக்கு ஒரு மரியாதை உண்டு:
வீங்கும், சிவக்கும்,
வருகிறேன் என்று சொல்லிவிட்டு வரும்.
எலும்பு ஒரு வார்த்தை சொல்வதில்லை.

டிக்கோயா ஆஸ்பத்திரியில்
"லோகேஸ்" என்று பாதிப் பெயரைக் கூப்பிட்டார்கள்.
நர்ஸ் மூன்று எக்ஸ்ரேயையும்
ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.
கால், விலா, கை. ஒன்பது மாதத்துக்குள்.
"ஐயா கொஞ்சம் வெளியே."
தியாகு என் கைப்பையோடு எழுந்து போனான்.
கதவு சாத்தியதும்
தெரிந்த தமிழைப் பொறுக்கி, மெதுவாய்க் கேட்டாள்:
"அக்கா, அவர் அடிக்கிறதா?"

சிரித்தேன் போலிருக்கிறது, விலா வலித்தது.
என் ரவிக்கைக்குக் கொக்கி மாட்டுகிறவன்.
பற்பசை மூடியைத் திருகித் திறந்துவைத்துவிட்டு
ஓட்டோ எடுக்கப் போகிறவன்.
நான் ஏறியிருந்தால் குழிக்குக் குழி பிரேக் பிடிப்பான்,
பின்னால் வருகிற லொறிக்காரர்கள்
அவன் அம்மாவை இழுத்துத் திட்டுவார்கள்.
இல்லை மிஸ், என்றேன்.
"விழுந்ததா?"
இல்லை.
அவள் பேனை காத்திருந்தது.
காரணம் எழுதும் கட்டத்துக்கு
ஒரு பொய் விழுகையாவது கொடுத்திருக்கலாம்.
அவளைக் குறை சொல்லமாட்டேன்.
இப்படிக் கேட்க ஆளில்லாமலே போன பெண்கள்
எங்கள் மலையில் எத்தனை பேர்.

அவனுக்குக் கேட்டிருந்தது. பலகைக் கதவுதானே.
அன்றிலிருந்து கடைத்தெருவில்
என் முழங்கையைப் பிடிப்பதை விட்டான்.
பையைப் பிடித்தான், குடையைப் பிடித்தான்.
கந்தோரின் பதினொரு படியிலும்
கையை என் முதுகுக்கு ஒரு சாண் தள்ளி வைத்தபடி
காற்றைத் தாங்குகிறவன் போல ஏறி வந்தான்.

அந்த மெஷின் கண்டியில்தான்.
நாலு மாதம் காத்திருந்து படுத்தேன்.
மைனஸ் மூன்று தசம் இரண்டு, என்றார் டொக்டர்.
மைனஸ் என்ற சொல்லை அதுவரை
நுவரெலியாவில் புல் வெளுக்கிற மாதத்தில்
ரேடியோவில்தான் கேட்டிருக்கிறேன்.
வீக்கத்தை அடக்கிய சின்ன வெள்ளைக் குளிசை
எலும்பையும் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்ததாம்,
வருத்தம் தன் பங்குக்கு எடுத்தது போக.
அந்தக் குளிசையை
நான் கும்பிட்டு விழுங்கியிருக்கிறேன்.

இப்போது ஞாயிறுக்கு ஞாயிறு இன்னொன்று.
வெறும் வயிறு, ஒரு கோப்பைத் தண்ணீர்,
அரை மணி நேரம் சாயாமல் இருக்கவேண்டும்.
நான் நிமிர்ந்து உட்கார்ந்தால்
அவனும் சும்மா எதிரில் நிமிர்ந்து உட்காருகிறான்,
படமெடுக்க வந்தவன் மாதிரி.

விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள், என்றார் டொக்டர்.
சுவர் வெடித்த மேல் லயத்துக்கு வந்த அதிகாரிகள்
மழை பலத்தால் வெளியேறுங்கள் என்று
வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்கிப் போனார்கள்.
நான் இதைவிட்டு எங்கே வெளியேறுவது?

நேற்றிரவு, டக் என்று ஒரு சத்தம்.
இரண்டு பேருக்கும் விழிப்பு.
இருட்டில் அவன்: "எது?"
கால்விரலை அசைத்தேன். மூச்சை இழுத்து விட்டேன்.
மணிக்கட்டைத் திருப்பினேன்.
"தகரம். குளிருக்குச் சுருங்குது."
சரி, என்றான்.
கொஞ்சம் பொறுத்து அவன் கை தேடி வந்து
முழங்கையைப் பிடித்துக்கொண்டது.
அடுத்த சத்தத்துக்காகப் படுத்திருந்தோம்.