பதினோராம் பக்கம்

ஒரு நீதிபதியைத் திட்டத்தான்
இதை எழுதத் தொடங்கினேன்.
முதல் மூன்று வரைவிலும் அவர் வீட்டு நாய்,
அவர் குடித்த ஒயின், தூக்கக் கலக்கத்தில்
அவர் கேட்ட "எத்தனை பேர்?" எல்லாம் இருந்தன.
அடித்துவிட்டேன்.

லண்டன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர்.
மேல்முறையீட்டுப் பதிவகத்தில் இரவு வேலை எனக்கு.
ஒரு ஹீட்டர், ஒரு கெட்டில்,
பச்சை விளக்கு மினுங்கும் ஃபேக்ஸ் இயந்திரம்.
கடலுக்கு அப்பால், அரசியாரின் தலை
இன்னும் நாணயத்தில் இருக்கிற ஒரு தீவில்
காலை ஏழுக்கு இரண்டு தூக்கு.
அங்கே ஏழு என்றால் இங்கே பதினொன்று.
அவர்களுடைய நாளை
எப்போதும் நாங்கள்தான் முதலில் தொடுகிறோம்.

ஒன்று பத்துக்கு இரண்டு மனுவும் வந்தன.
ஒரே வக்கீல், ஒரே கடை, ஒரே இயந்திரம்.
ஆளுக்குப் பதினான்கு பக்கம்.
எல்ஸ்வர்த் குவாமினா.
லிண்டன் வீராசமி.

இரண்டாவது பெயரில் விரல் நின்றது.
ஆங்கிலத்தில் தேவையில்லாமல் ஒரு எம் கூடுதல்.
நூற்றைம்பது வருஷம் கரும்போடு சேர்ந்து நசுங்கியும்
உள்ளே இன்னும் வீராசாமி.
அவனுக்கு ஒரு சொல் தமிழ் தெரிந்திருக்காது.
எனக்குத் தெரிந்திருந்தது. அதுதான் சங்கதி.
அவன் கட்டை எண்ணினேன்.
ஒன்பதாம் பக்கம் இல்லை.
கடைக்குப் போன் போட்டேன்.
மேசைக்கடியில் கிடந்ததைக் குனிந்து எடுத்து
கடைக்காரர் அனுப்பினார். பன்னிரண்டு நிமிஷம்.
"வேறு ஏதாவது வேண்டுமா? கடையைச் சாத்தப் போகிறேன்."
ஒன்றுமில்லை, நன்றி என்றேன்.

மற்றக் கட்டை எண்ணவில்லை.

எண்ணக்கூடாது என்று நினைக்கவில்லை.
எண்ண வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

இரண்டு மணிக்கு ஹேதர்ஸேஜ் பிரபுவின் வீட்டுக்கு
இரண்டையும் அனுப்பியபோது
இயந்திரமே எண்ணிச் சொன்னது:
பதினான்கு. பதின்மூன்று.

மணி அடித்துக்கொண்டே இருந்தது,
இருட்டுக் கடையில், அந்த மேசைமேல்.
பத்தொன்பது தடவை.

பிரபு கூப்பிட்டார். குரலில் கோபமில்லை.
"பத்தாம் பக்கம் பாதி வாக்கியத்தில் நிற்கிறது:
சிறை மருத்துவர் அவரைப் பரிசோதித்தபோது.
பன்னிரண்டாம் பக்கம் 'ஆகவே' என்று தொடங்குகிறது.
நடுவில் இருப்பதை நான் எழுதிக்கொள்ள முடியாதே.
கடை எப்போது திறக்கும்?"
விசாரித்து வைத்திருந்தேன். எட்டுக்கு.
அவர்கள் எட்டுக்கு.
நெடுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.

முடியும் என்றிருப்பார் வேறொருவர்.
போன ஜூனில் இரண்டே வரித் தந்திக்கு
ஒரு கிழவர் தடை கொடுத்தார்.
அன்று அவர் நன்றாகத் தூங்கியிருந்தார் என்று
எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.
தூக்கமும் தூக்கும் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன.

விருப்புரிமை என்கிறது சட்டத்தமிழ்.
விருப்பு முன்னால் போகும்,
உரிமை அதன் பின்னால்.
நான் சம்பளத் தரம் ஆறு. எனக்கு அது கிடையாது
என்றுதான் விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

ஐந்து மணிக்கு இரண்டு தாள்.
வீராசமி: நிறுத்திவைக்கப்படுகிறது.
குவாமினா: தள்ளுபடி.

டூட்டிங்கில் ஒரு மதுரைக்காரர் புடவைக் கடை வைத்திருக்கிறார்.
தை மாதம் வந்தால் கண்ணாடியில்
சிவப்பு எழுத்தில் அதே சொல்லை ஒட்டுவார்.
நான் எதிர்ச்சாரியில் நடப்பேன்.

யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.
லிண்டன் வீராசமிக்குப் பிறகு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது;
அவன் உயிரை ஒரு நாளும் நான்
திருப்பிக் கேட்டதில்லை. கேட்கமாட்டேன்.
அதுவும் இதில் எழுதப்பட வேண்டும்.

அன்று வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.
பன்னிரண்டு ஆறுக்கு இயந்திரம் முனகியது.
கடைக்காரர் நல்ல மனிதர்.
தட்டில் சிக்கிக் கிடந்ததை
யாரும் கேட்காமலே அனுப்பியிருந்தார்.
பெறப்பட்டது என்று முத்திரை குத்தினேன். தேதி, நேரம்.
பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் செருகினேன்.

பிறகு அந்தக் கட்டை எண்ணினேன்.
பதினான்கு.