ஒரிஜினல்

மாதம் பதினாறாயிரம் என்று அச்சடித்திருந்தது.
கீழே, எறும்பு அளவில்,
இரண்டு வருட ஒப்பந்தம்,
மூலச் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் பாதுகாப்பில்.
மயிலாடுதுறையில் விட்டுவிட்டு மழை.
மேலாளர் அற்புதராஜ் ஏசியைக் குறைத்துவிட்டு
"படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடும்மா" என்றார்,
பேனா மூடியை அதற்குள் கழற்றியிருந்தார்.

படித்தேன்.
நாலு வருடம் படித்ததைவிட மெதுவாக.

இருபத்திரண்டு, என்றேன்.
பக்கத்து அறையிலிருந்து யாரோ சொன்னதுபோல்
என் குரல் கேட்டது.

சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.
பஸ் ஸ்டாண்டு பழக்கடையில்
பாதி விலைக்குக் கேட்பவரைப் பார்த்து வருமே,
அது.
"நர்ஸுக்கே பதினாலுதான் தர்றோம்."
நான் நர்ஸ் இல்லை சார்.
"டாக்டரும் இல்லையே."

இல்லை.
அந்த இரண்டு இல்லைக்கும் நடுவில்தான்
எனக்கு வேலை.
ராத்திரி இரண்டு மணிக்கு
டிராக்டர் கவிழ்ந்து வருகிறவனின் தொடையை
முதலில் தொடுகிற கை அங்கே இருக்கிறது.
டாக்டர் குஞ்சிதபாதம் சிதம்பரத்தில் கார் எடுத்து
கொள்ளிடம் பாலம் தாண்டி வந்துசேரும்வரை
ஐம்பது நிமிடம்.
ரத்தம் பாலத்துக்காகக் காத்திருக்காது.

இதே கட்டடத்தில் ஒரு வருடம்
பயிற்சி என்ற பெயரில், காசில்லாமல்.
தேதி, படுக்கை எண், எத்தனை தையல்,
எல்லாம் நாற்பது பக்க நோட்டில் இருந்தது.
மேசையில் வைத்தேன்.
கடன்காரன் நீட்டிய சீட்டைப் போல
தொடாமல் பார்த்தார்.

"பேரு?"
கோப்பிலேயே இருக்கிறது. இருந்தும் சொன்னேன்,
தையல்நாயகி.
"வைத்தீஸ்வரன்கோயிலா?"
பக்கத்துல, திருப்புன்கூர்.
"மருந்துப் பாத்திரத்தோட கூடவே நிக்கிற அம்மாதானே?
அவங்க என்ன சம்பளமா கேட்டாங்க?"
அவங்களுக்குத் தனிச் சன்னதி இருக்கு சார்.
எனக்கு நைட் ட்யூட்டிக்குத்
தாழ்ப்பாள் போடுற ரூம்கூட இல்ல.

மழை ஒருதரம் வலுத்து ஓய்ந்தது.

பதினேழு என்றார். நான் பேசவில்லை.
பதினெட்டு.
கொள்முதல் நிலையத்தில்
ஈரப்பதம் பார்க்கும் மீட்டருக்கு முன்
அப்பா நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.
எண்ணைச் சொல்கிறவர் ஒருவர்,
தலையாட்டுகிறவர் ஒருவர்.
எனக்கும் அதே கழுத்துதான்.
ஆட்டாமல் வைத்திருந்ததில் வலித்தது.

ஒரிஜினல் தர மாட்டேன் சார்.
"எல்லாரும் தர்றாங்களேம்மா."
கால் உடைஞ்சு வர்றவங்க எக்ஸ்ரேயையே
நாம திருப்பிக் குடுத்துடறோம்.

போனை எடுத்தார்.
மறுமுனையில் டாக்டர், காரில் போலிருக்கிறது,
ஹாரன் சத்தத்துக்கு நடுவே கத்தினார்:
"எந்தப் பொண்ணு?
ஓ, அந்தத் தையல் பொண்ணா,
நல்லாத் தைக்கும். போட்டு விடுங்க."
ஒரு வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன்.
பேர் பாதிதான் தெரிந்திருக்கிறது.

பத்தொன்பதாயிரத்து ஐநூறு.
சான்றிதழ் வரியைப் பேனாவால் அடித்து
ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டார்.
தாழ்ப்பாளுக்கு ஆசாரியை வரச் சொல்வதாகச் சொன்னார்,
அதை எழுதச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.
ஞாயிற்றுக்கிழமை போனது.
இரண்டு வருடத்தை அசைக்கவே முடியவில்லை,
அது அங்கேயே இருக்கிறது, எறும்பு அளவில்.

சீர்காழி பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் ஒழுகிற்று.
ஃபைலை மடியில் கவிழ்த்து
அதன்மேல் சாப்பாட்டுப் பையை வைத்துக்கொண்டேன்.
மும்தாஜ் கேட்டிருந்தாள்,
எவ்ளோ சொன்னாங்க?
நாளைக்கு மன்னார்குடியில்
அவள் உட்கார வேண்டும், இதே மாதிரி நாற்காலியில்.

பத்தொன்பதரை என்று அடித்தேன்.
கண் படுமோ என்று அழித்தேன்.
பிறகு
முதல்ல பதினாறுன்னாங்க, என்று எழுதி
அடித்துத் திருத்திய வரியைப்
படம் எடுத்து அனுப்பினேன்.

இரண்டு நீல டிக்.
பதில் இல்லை.
திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப்
பார்த்துக்கொண்டிருக்கிறாள் போல.