ஐந்தாம் கட்டம்

பித்தப்பை எடுத்து முடிந்தது. அதிகாலை மூன்று நாற்பது.
தண்டர் பே, வெளியே மைனஸ் இருபத்தேழு.
உடை மாற்றும் அறை பெஞ்சில்
கைப்பேசி கேட்கிறது.
பயிற்சி மருத்துவர்: ஐலா லெஹ்டினென், நான்காம் ஆண்டு.
ஒன்று, நானே செய்தேன்.
இரண்டு, சொல்லச் சொல்லச் செய்தார்.
மூன்று, இடையிடையே வாய் திறந்தேன்.
நான்கு, எதற்கும் இருக்கட்டும் என்று நின்றேன்.
ஐந்து, நான் தேவைப்படவில்லை.

போன மாதம் இதே அறுவைக்கு
நாலு போட்டேன்.
"நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே"
என்றாள், லிஃப்டில், தரையைப் பார்த்து.
உண்மைதான். பேசவில்லை.
ஆனால் கேமரா என் கையில் இருந்தது.
அவள் தேடுமுன்பே
குழாய் இருக்கும் பக்கம்
அதைத் திருப்பிக்கொண்டே இருந்தேன்.
விடை இருக்கும் பக்கத்தைப் புரட்டி வைத்துவிட்டு
வாய்மூடி உலாவும் தேர்வு மேற்பார்வையாளர் நான்.
அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
அவளிடம் சொல்லவும் இல்லை.
அந்த நாலு யாருக்கு என்று
எனக்கே சந்தேகம்.

இன்று கேமராவை
மருத்துவ மாணவன் டெவனிடம் கொடுத்துவிட்டு
கைகட்டி நின்றேன்.
மழையில் ஓடும் பேருந்தின் கண்ணாடியாய்ப்
படம் ஆடியது.
"மேலே. இன்னும். அங்கேயே நில்."
ஐலாவின் குரல்.
கல் அடைத்து வீங்கிய பை.
கொழுப்போடு ஒட்டிக் கிடந்ததில்
எது எதன் குழாய் என்று
கடவுளுக்கே வெளிச்சம்.
கிளிப்பை நீட்டினாள்.

என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.
'பொறு' என்றால் மூன்று.
சொல்லாமல் விட்டு அவள் வெட்டிவிட்டால்
எண்களுக்கு ஏது அர்த்தம்?
துணிக்கு அடியில் ஒரு மனிதர்,
ரயில் யார்டில் வேலை,
முழங்கையில் மீன் பச்சை குத்தியவர்.

பதினொரு விநாடி. எண்ணினேன்.

கிளிப் பின்வாங்கியது.
"பின்பக்கம் பார்க்கணும்" என்றாள்,
யாரிடமும் அல்ல.
பையைப் புரட்டினாள்.
இரண்டு குழாய்கள். இரண்டே இரண்டு.
நடுவில் ஈரலின் கரும்பழுப்பு.
அப்போதுதான் கவனித்தேன்,
கட்டிய கைக்குள் என் பெருவிரல்
இல்லாத கேமராவை
இடப்பக்கம் திருப்பிக்கொண்டிருந்தது.

ஐந்தைத் தொடுகிறேன்.
உறுதியா, என்கிறது செயலி.
அவளைப் பொறுத்தவரை, ஆம்.
'மேம்பட வேண்டியது' என்றொரு பெட்டி,
காலியாக விட்டால் விடாது.
யோசித்து எழுதினேன்:
டெவனுக்கு நன்றி சொல்ல மறந்துவிட்டாய்.

பார்க்கிங்கில்
எஞ்சின் உறையாமல் இருக்கச் செருகிய
மின்வயரைப் பிடுங்குகிறேன்.
இரண்டு வரிசை தள்ளி அவளும்.
கை அசைத்துக்கொண்டோம்.
குளிரில் விறைத்த வயர்
சுருள மாட்டேன் என்கிறது.
அவளும் மல்லுக்கட்டுகிறாள்,
நானும்.