படிக்க மட்டும்

பணகுடியில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே
காற்று என் கோப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டது.
ஆனி மாதம். அதற்கு யார் அனுமதியும் வேண்டாம்.
எனக்கு வேண்டும். கடிதத்தில் போட்டிருந்தார்கள்:
பார்க்கலாம், எதையும் மாற்றக்கூடாது.

பதினேழாம் காற்றாலையின் இறகு
முருங்கைத் தோட்டத்தில் முறிந்து கிடந்தது.
நிற்க வேண்டிய வேகத்தில் நிற்கவில்லை.
இருபத்தைந்து இருக்க வேண்டிய இடத்தில்
முப்பத்தைந்து.
அந்த ஒரு வரியைத் தேடித்தான் வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு நகல்.
நகலிலும் எழுதும் உரிமையைப் பிடுங்கிவிட்டேன்.
கிட்டுக்குக் கை சும்மா இராது;
என்ன நிலைமை என்று கேட்டாலே
உள்ளே ஒரு அட்டவணையைத் திருத்தி வைக்கும்.
அடுத்தவர் களஞ்சியத்தில் கொக்கிகள் வேறு,
காலடிச் சத்தத்துக்குக் குரைத்தெழும் நாய்கள்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன்.

தனசிங் சார் டீயை மேஜையில் வைத்தார்.
"முப்பிடாதி போட்ட வரிதாம் மேடம். பேரே காட்டுதுல்லா.
வேலைய விட்டே போயிட்டா."

காட்டியது.
வரிக்கு இடப்பக்கம் அவள் பெயர்,
ஒரு மார்ச் மாத சாயங்காலம், ஆறு நாற்பது,
'இடைவெளிகளைச் சீராக்கினேன்' என்று ஒரு குறிப்பு.

இடைவெளிகளை.

வெற்றிடத்தைக் கணக்கில் எடுக்காதே என்று சொல்லி
மறுபடி கேட்டேன்.
பெயர் நகர்ந்தது. இரண்டு வருஷம் பின்னால் போய்
ஒரு ராத்திரி பதினொன்றேகாலில் நின்றது.
'டெஸ்ட்டுக்காக. பொறவு மாத்திரணும்.'
தனசிங்.

டீயில் ஆடை படிந்தது.
"அப்பம்லாம் எல்லாருமே
என் பாஸ்வேர்டுலதாம்..." என்றார். முடிக்கவில்லை.
அப்படியும் இருக்கலாம். பெயர் காட்டுவது பெயரைத்தான்.
இரண்டையும் எழுதிக்கொண்டேன், நேரத்தோடு.

"ஒரு வரிதான மேடம், நீங்களே திருத்தி விட்ருங்களேம்.
மத்த பதினாறும் அதே முப்பத்தஞ்சுலதாம் ஓடுது."

ஜன்னலுக்கு வெளியே பதினாறும் சுற்றிக்கொண்டிருந்தன.
விரல் அரித்தது, பொய் சொல்லவில்லை.
"முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க சார்.
அப்புறம் உங்க பேர்ல, உங்க சிஸ்டத்துல,
இன்னைக்குத் தேதி போட்டுத் திருத்துங்க.
இது வேற."

அவர் போன் பேசினார். தூரத்தில் ஒவ்வொன்றாக வேகம் குறைந்தது.

கிளம்பும்முன் சரிபார்த்தேன்:
வந்தபோது இருந்த நாற்பது எழுத்து,
போகும்போதும் அதே நாற்பது.

வாசலில் அவர் மறுபடி போனை எடுத்தார்.
பெயர்களை உருட்டிக்கொண்டே போன விரல்
'மு'வில் நின்றது.
நின்றபடியே இருந்தது.

வள்ளியூர் பஸ் வந்துவிட்டது.