எச் ஏழு

இந்த ஊர் நடுவில் தெருக்களுக்குப் பெயர் கிடையாது.
மன்ஹைம் முழுக்கச் சதுரங்கள்,
ஓர் எழுத்து, ஓர் எண்.
எங்கே தங்கியிருக்கிறாய் என்றால்
எச் ஏழு என்கிறேன்.
எக்செல் தாளுக்குள் குடிவந்த மாதிரி.

இரவில் அசல் தாளைத் திறக்கிறேன்.
பி இரண்டு: வாடகை.
பி மூன்று: காப்பீடு, காய்ச்சல் வந்தாலும் வராவிட்டாலும்.
பி நான்கு: டிராம் அட்டை.
பி ஐந்து: படிப்புக் கட்டணம்.
அரையாண்டுக்கு ஆயிரத்தைந்நூறு.
ஆறால் வகுத்து இருநூற்றைம்பது என்று எழுதினால்
கொஞ்சம் மூச்சு விடலாம்.
ரைன் பாலம் தாண்டினால் வேறு மாநிலம்,
அங்கே இந்தக் கட்டணம் இல்லையாம்.
அக்கரைப் புகைபோக்கிகள் இங்கிருந்தே தெரிகின்றன.
தண்ணீருக்கு இந்தப் பக்கம் விண்ணப்பித்தவள் நான்.

முடக்கி வைத்த கணக்கில் இருப்பது என் பணம்.
இல்லை, கரூர்க் கிளையின் பணம்.
வீட்டுப் பத்திரம் அங்கே இரும்பு அலமாரியில் படுத்திருக்கிறது,
வட்டி மட்டும் தூங்குவதில்லை.
ஒன்றாம் தேதி காலையில்
என் பணத்தை எனக்கே படியளக்கிறது வங்கி.

வந்த புதிதில்
எல்லாவற்றையும் தொண்ணூற்றெட்டால் பெருக்கினேன்.
ஒரு காப்பி முந்நூற்று நாற்பத்து மூன்று ரூபாய்.
கறிவேப்பிலையை எடுத்துப் பார்த்துவிட்டு
நகைக்கடையில் வைப்பதுபோல்
பதமாகத் திருப்பி வைத்தேன்.
"பெருக்கினால் சாப்பிட முடியாது" என்றாள் தமுனா.
குத்தாயிசிக்காரி, அடுத்த அறை.
அவள் ஊர்க் காசுக்குப் பெயர் லாரி.
எங்கள் ஊரில் லாரி என்றால் என்னவென்று சொன்னேன்,
சிரித்து முடிக்க அவளுக்கு அரை மணி ஆனது.
லாரி லாரியாகக் கொட்டினாலும்
யூரோ ஆகாது என்றாள் பிறகு.

துவரம் பருப்பை விட்டேன்.
துருக்கிக் கடைச் சிவப்புப் பருப்பு, இரண்டு கிலோ பை.
சனிக்கிழமை நாலரை மணிக்கு
பேக்கரியில் தட்டுக் கழுவுகிறேன்,
மிஞ்சிய ரொட்டி எனக்கு.
ஞாயிறு மாலை நெக்கர் கரையில்
குடித்தவர்கள் விட்டுப்போன பாட்டில்கள்,
ஒன்றுக்கு இருபத்தைந்து சென்ட்.
முதல் வாரம் சுற்றுமுற்றும் பார்த்தேன்.
அடுத்த வாரம் பை கொண்டுபோனேன்.

நேற்று கெஸ்லர் கடிதம் போட்டிருந்தார்.
வீட்டுக்காரரின் கையெழுத்து ஒழுங்கானது,
செய்தி மட்டும்தான் கோணல்:
போன குளிருக்கு நீங்கள் எரித்த வெப்பத்தில்
இருநூற்றுப் பதினான்கு யூரோ பாக்கி.
போன குளிரில் கம்பளியோடுதானே உட்கார்ந்திருந்தோம்?
ஆளுக்கு நூற்றேழு.
தமுனா போனை மேசையில் வைத்துத் திருப்பிக் காட்டினாள்.
முப்பத்தொன்று.
தேதி பத்தொன்பது.

இரண்டு பங்கையும் நானே அனுப்பினேன்.
பெருந்தன்மை இல்லை,
ஹீட்டரை அறை பிரித்து அணைக்க முடியாது.
வேண்டாம் என்றும் கேளாமல்
கெஸ்லரின் உறைக்குப் பின்னால்
கடன் சீட்டு எழுதித் தந்தாள்,
எங்கள் எழுத்தைப் போலவே வளைந்து வளைந்து.
எனக்கு வாசிக்கத் தெரிந்தது
நூற்றேழு மட்டும்.

இதை எந்தக் கட்டத்தில் போடுவது?
செலவு என்றால் போனது,
சேமிப்பு என்றால் பொய்.
எச் வரிசையை இதுவரை தொட்டதே இல்லை,
கூட்டல் அங்கே எட்டாது.
எச் ஏழில் போட்டேன்.
கீழே மீதி சிவப்பாகியிருந்தது,
கழித்தல் குறியோடு இருபத்திரண்டு.

அப்பா அழைத்தார்.
முப்பது வருஷம் பஸ்ஸில் கேட்ட அதே குரல்:
"சில்லறை இருக்கா?"
"இருக்குப்பா."
"எவ்வளவு?"
"மாசக் கடைசி வரைக்கும்."
டிக்கெட் கிழித்துக்கொடுத்த மாதிரி ஒரு மௌனம்.
பிறகு வட்டி கட்டிவிட்டதாகச் சொன்னார்.

சமையலறையில் பருப்பு கொதிக்கிறது.
தமுனா உப்பு எங்கே என்கிறாள்.
தாளை மூடாமல்
எழுந்து போகிறேன்.