செய்கூலி

தக்கலைக் கிளையில் இருபத்தாறு வருஷம்
கல்லில் உரசியே வாழ்ந்தவன் நான்.
கோடு விழும். அமிலம் ஒரு சொட்டு.
அது மங்குகிற வேகத்தில்
ஒரு கல்யாணத்தின் விலை தெரிந்துவிடும்.
அரக்கு கழித்து, கல் கழித்து,
கிராமுக்கு இவ்வளவு என்று எழுதுவேன்.
செய்கூலி எழுதப் பாரத்தில் கட்டம் கிடையாது.
அட்டிகையில் மாங்காய் கொத்தத்
திருச்சூர்க்காரன் எத்தனை ராத்திரி விழித்தானோ,
எனக்கு அது செல்லாக்காசு.

அப்பேர்ப்பட்டவன் கார் வாங்கினால்
எதை வாங்குவான் என்று
எல்லாருக்கும் ஒரு கணக்கு இருந்தது.

"வெள்ளை எடும் ஓய்," என்றான் பீர்கண்ணு.
"வெள்ளையும் சில்வரும்தான் ஓடும்.
அஞ்சு வருசம் கழிஞ்சு குடுத்தாலும்
பாதிக்கு மேல கையில நிக்கும்."

சகலை யேசுவடியான் போனிலேயே
மூன்று மாடல் சொன்னார்.
மூன்றையும் தூக்கத்தில் விற்றுவிடலாமாம்.
அவர் வண்டி சீட்டில் இன்னும்
கம்பெனி பாலித்தீன் சரசரக்கிறது.
நாலு வருஷமாக அவர்
இனிமேல் வாங்கப்போகிற எவனோ ஒருவனின் காரை
பத்திரமாக ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

நான் பார்த்தது மார்த்தாண்டத்தில்,
மேம்பாலத்துக்குக் கீழே ஒரு ஒர்க்‌ஷாப்பில்,
கழற்றிப்போட்ட டயர்களுக்கு நடுவே.
பழுத்த கொல்லாம்பழ நிறம்.
தரையோடு பதுங்கிய உடம்பு.
செய்த கம்பெனி நாட்டை விட்டே போய்விட்டது.
பின்சீட்டில் வளர்ந்தவர் உட்கார்ந்தால்
முழங்கால் தாடையைத் தொடும்.
பீர்கண்ணு தலையில் கைவைத்தான்:
"இத எடுத்தா பிறவு
பழைய இரும்புக்காரன்தான் ஓய் வருவான்."

ஓட்டிப் பார்த்தேன்.
திருவட்டாறு தாண்டி, குலசேகரம் தாண்டி,
ரப்பர் மரங்கள் ரோட்டை மூடுகிற இடத்தில்
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினேன்.
நகையின் கொக்கி மாட்டுகிற மாதிரி
டக்கென்று விழுந்தது கியர்.
அவ்வளவுதான்.
அடுத்த வளைவை வண்டி
முன்பே மனப்பாடம் செய்திருந்தது போலத் திரும்பியது.
நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.
பக்கத்திலிருந்த மெக்கானிக் பையன் ஷிபின்
கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு,
"சாரே, ஏதும் பிரச்சனையா?" என்றான்.

வீட்டில் லீலாபாய் கேட்டது ஒரே கேள்வி:
"வித்தா என்ன கிடைக்கும்?"
இருபத்தாறு வருஷமாக நான் கேட்ட கேள்வி.
உள்ளதைச் சொன்னேன்.
இரண்டு நாள் பேச்சில்லை.
மூன்றாம் நாள் மகளிடம் போனில்:
"உங்கப்பா கொல்லாம்பழம் ஒண்ணு வாங்கியிருக்காரு."

போன வாரம் வில்லுக்குறிக்காரி ஒருத்தி
சங்கிலியைக் கவுண்டரில் நீட்டினாள்.
வாங்கப் போனேன்.
விரல்கள் ஒரு நொடி விடவில்லை.
ஒன்பது கிராம் எழுநூறு மில்லி.
எழுதிவிட்டு
அந்த ஒரு நொடிக்கும் பாரத்தில் கட்டம் தேடினேன்,
கிழட்டுப் புத்தி.
பேனாவைக் கீழே வைத்தேன்.
பிறகு எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.
வேறென்ன செய்ய.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் விட்டதும்
ஒரு காரியமும் இல்லாமல்
ஆரல்வாய்மொழிப் பக்கம் போகிறோம்.
லிட்டருக்குப் பன்னிரண்டு.
போகட்டும், சேதாரம்.

முப்பந்தலில் ஆடிக் காற்று
காற்றாலை இறக்கைகளை விட்டு இறங்கிவந்து
கதவில் மோதும்.
ஸ்டியரிங் கையை இழுக்கும்,
அந்த விரல்கள் போலவே, விடாமல்.
லீலாபாய் கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டு
சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்தபடி
என்னவோ சொல்வாள்.
காற்றில் பாதிதான் கேட்கும்.
"மிதியுங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கும்.

இடதுபக்கக் கண்ணாடியில் ஒரு கீறல்.
கோயம்புத்தூரில் சொல்லிவைத்திருக்கிறேன்,
கிடைத்தால் அனுப்புவார்களாம்.
அதுவரை பின்னால் வருகிறவர்கள் எல்லாரும்
இரண்டிரண்டு பேராக வருகிறார்கள்.