எட்டு மில்லிமீட்டர்

அக்தோபேயில் பிப்ரவரி.
ஜன்னல் இடுக்குகளில் பழைய செய்தித்தாள் திணித்திருக்கிறோம்.
ஆனாலும் அளவுகோலின் பித்தளைக் கம்பம்
படுகிற முதுகையெல்லாம் சிலிர்க்க வைக்கிறது.

என் வேலை சிறியது.
விமானியாக வேண்டும் என்று வருகிறவர்களை
மரப்பெட்டி மேல் உட்காரவைத்து
பெட்டியிலிருந்து உச்சந்தலை வரை அளப்பேன்.
நிற்கிற உயரம் எனக்குத் தேவையில்லை.
வானத்தில் எவன் நிற்கிறான்?
கண்ணாடி மூடிக்குக் கீழே
எவ்வளவு தலை என்பதே கணக்கு.
தொண்ணூற்றேழு சென்டிமீட்டர். அதற்கு மேல்
ஒரு நூல் கூடினாலும்
இருக்கை வெடித்துக் கிளம்பும் நாளில்
மூடியை முதலில் முட்டுவது மண்டை.

(இதை நான் அவர்களிடம் சொல்வதில்லை.
மேஜர் சொல்வார், சிரித்துக்கொண்டே.)

மெய்ராம் துலெகெனோவ். பதினெட்டு வயது.
ஷல்கார் பக்கம் ஒரு ரயில்வே குடியிருப்பு.
தொண்ணூற்றேழும், எட்டு மில்லிமீட்டரும்.
"முடியையும் சேர்த்தா அளந்தீங்க?" என்றான்.
மொட்டைத் தலை.
இரண்டு பேருமே கொஞ்சம் சிரித்தோம்.
வியாழக்கிழமை மறுஅளவு என்று சீட்டு எழுதினேன்.
விதியில் இடமுண்டு, ஒரே ஒரு முறை.

முதுகெலும்பு காலையில் நீளம், மாலையில் குட்டை.
படுத்து எழுந்தவன் வளர்ந்திருப்பான்,
சுமை தூக்கியவன் குறைந்திருப்பான்.
யார் அவனுக்குச் சொன்னார்களோ, நான் சொல்லவில்லை.
சத்தியமாக.
சீட்டின் பின்பக்கம் "மாலை நான்கு மணி" என்று எழுதியது
மட்டும் நான்.

நான்கு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வந்தான்.
காதுமடல் மடிப்பில் கரித்தூள்.
ஊருக்கே போகவில்லையாம்.
சரக்கு நிலையத்தில் புதன் இரவு முழுக்க
நிலக்கரி மூட்டை இறக்கியிருக்கிறான்,
விடிந்தும் விடவில்லை.
கூலிக்கு வரிசையில் நின்றால் நேரமாகிவிடும் என்று
வாங்காமலே ஓடி வந்திருக்கிறான்.
பஸ்ஸில் ஒரு கண் அயரவில்லை,
அயர்ந்தால் வளர்ந்துவிடுவேனோ என்று.

பெட்டி மேல் உட்கார்ந்தான்.
மூச்சை வெளியே விட்டான், விட்டுக்கொண்டே இருந்தான்.
கட்டை இறங்கி உச்சியைத் தொட்டது.
தொண்ணூற்றாறு. ஒன்பது மில்லிமீட்டர்.
மறுபடி அளந்தேன். அதேதான்.
எழுத்தர் குறித்துக்கொள்ள உரக்கப் படித்தேன்.
எண்ணைச் சொல்லும்போது குரல் ஆடக் கூடாது,
அது இந்த வேலையின் எழுதாத பாதி.

அடுத்த அறை சுழல்நாற்காலி.
கண்ணை மூடி, தலையை இடமும் வலமும் சாய்க்கச் சொல்வார்கள்.
நாற்காலி தன்பாட்டுக்குச் சுற்றும்.
தூங்கி எழுந்த வயிறே தாங்காது.
கதவு வழியாக மேஜர் எண்ணுவது கேட்டது.
ஏழு. எட்டு.
பதினொன்றில் நின்றது.
பிறகு, வாளி எங்கே என்று ஒரு குரல்.

துடைக்க நான்தான் போனேன்.
துணியை அவன் பிடுங்கிக்கொண்டான்.
மண்டியிட்டு, தரைப்பலகை இடுக்கு ஒவ்வொன்றாக,
நாற்காலிக் கால்களையும் விடாமல்.
வெளியே ஏதோ ஒன்று ஓடுபாதையை விட்டு எழும்பியது.
ஜன்னல் அதிர்ந்தது.
அவன் நிமிரவே இல்லை.
தரையைப் பார்த்தபடியே எந்த வகை விமானம் என்று சொன்னான்.
எட்டிப் பார்த்தேன்.
சரிதான்.

"அடுத்த வருஷம் வரலாமா?"
வரலாம் என்கிறது விதி. மேஜரும் தலையாட்டினார்.
நான் அவன் மணிக்கட்டைப் பார்த்தேன்.
வாங்கிய அன்று விரல்நுனி வரை மூடியிருக்கும் அந்தக் கோட்டு.
இப்போது கை
நாலு விரற்கடை வெளியே நிற்கிறது.
இன்னும் வளர்கிறான்.

அதையும் நான் சொல்லவில்லை.
துணியைக் குழாயடியில் பிழிந்து போட்டுவிட்டு
கூலியை வாங்கிக்கொள் என்றேன்.
சரக்கு நிலையம் ஆறு வரை திறந்திருக்கும்.
மணி ஐந்தரை.